"பயனர்கள் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதற்கு முன்

அத்தியாயம் 4: தகவல் அமைப்புகளைப் பண்புசார் முறையில் ஆராயப் பழகுதல்

ஓர் அலுவலகத்துக்குப் புதிய மென்பொருள் வருகிறது. பயிற்சி வகுப்பு நடக்கிறது, டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள், தொடக்க விழாப் படம் சுவரில் ஏறுகிறது. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் பழைய ரிஜிஸ்டரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று மேலதிகாரியைக் கேட்டால் விடை தயார்: "இவங்க மாற மாட்டாங்க சார்." மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களைக் கேட்டாலும் அதே விடைதான், கொஞ்சம் நாகரிகமான சொற்களில். ஆய்வு மாணவர் ஐந்து கட்டக் கேள்வித்தாளோடு போய் இருநூறு பேரிடம் டிக் வாங்கி வந்தால், அதே விடை மூன்றாவது முறையாக வெளிவரும். இந்த முறை தசமப் புள்ளியோடு.

இந்த விடையை அவ்வளவு சுலபத்தில் நம்பாமல் இருக்கப் பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. நேர்காணல், களக்குறிப்பு, குறியிடுதல் என்று வரப்போகும் எல்லாமே அதற்கான கருவிகள்.

கேள்வித்தாளை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், வயதுக்கும் பயன்பாட்டுக்கும் தொடர்பு உண்டா என்பதற்கெல்லாம் அதுதான் சரியான வழி. ஆனால் கேள்வித்தாள் அச்சடிக்கும்போதே எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேசை டிராயருக்குள் ஒரு நோட்டு இருப்பது தெரியாதவரை, அந்த நோட்டைப் பற்றிய கேள்வி உங்கள் தாளில் இடம்பெறப் போவதில்லை.

தகவல் அமைப்புத் துறை நெடுங்காலம் அளவைகளின் பக்கமே சாய்ந்திருந்தது. 1983 முதல் 1988 வரை முக்கியமான இதழ்களிலும் மாநாட்டுத் தொகுப்பிலும் வந்த 155 கட்டுரைகளை வாண்டா ஓர்லிகோவ்ஸ்கியும் ஜாக் பாரூடியும் வகைபிரித்துப் பார்த்து 1991-ல் எழுதினார்கள். அவற்றில் 96.8 சதவீதம், உலகம் நமக்கு வெளியே நிலையாக இருக்கிறது, அதை அளந்து கருதுகோளைச் சோதிக்கலாம் என்ற ஒரே பார்வையில் எழுதப்பட்டவை. மனிதர்கள் தங்கள் வேலைக்கும் கருவிக்கும் என்ன பொருள் கொடுக்கிறார்கள் என்று கேட்டவை விரல்விட்டு எண்ணும் அளவே. இன்று நிலைமை வேறு, எம்.ஐ.எஸ். குவார்ட்டர்லி போன்ற முன்னணி இதழ்களே பண்புசார் ஆய்வுகளை வெளியிடுகின்றன. ஆனாலும் நம் கல்லூரிகளில் "சாம்பிள் சைஸ் என்ன?" என்பதுதான் இன்னும் முதல் கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு கட்டுரையைப் பிரித்துப் பாருங்கள்

முறையியல் நூல்களை வரிசையாகப் படித்துவிட்டுக் களத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் களத்துக்குப் போவதே இல்லை. மெக்கானிக் கடையில் வேலை கற்கும் பையன் போல, ஓடுகிற வண்டியைப் பிரித்துப் பார்ப்பதுதான் விரைவான வழி. பிரிப்பதற்கு நான் சிபாரிசு செய்வது லின் மார்கஸ் 1983-ல் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.' இதழில் எழுதிய கட்டுரை. அதிகாரம், அரசியல், தகவல் அமைப்பு நடைமுறை ஆகிய மூன்றையும் தலைப்பிலேயே வைத்த கட்டுரை அது.

பல பிரிவுகள் கொண்ட பெரிய நிறுவனம். கட்டுரையில் அதற்கு 'கோல்டன் டிரையாங்கிள்' என்று மாற்றுப்பெயர். தலைமையகக் கணக்குத் துறை ஒரு நிதித் தகவல் அமைப்பைக் கொண்டுவருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு பிரிவின் கணக்காளர்களும் வரவு செலவுகளைத் தங்களுக்குத் தோதான முறையில் பதிந்து வைத்துக்கொண்டு, தொகுத்த கணக்கை மட்டும் மேலே அனுப்பினார்கள். புதிய அமைப்பில் ஒவ்வொரு பதிவும் ஒரே தரவுத்தளத்துக்குப் போகும். அது தலைமையகத்தின் கையில் இருக்கும். தலைமையகக் கணக்காளர்களுக்கு அது பிடித்திருந்தது. பிரிவுக் கணக்காளர்கள் புகார் மேல் புகார் சொன்னார்கள். ஒரு பிரிவில் பழைய பேரேடுகளைக் கைவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த இடத்தில் "மாற மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மார்கஸ் அதையும் ஒரு கோட்பாடாக மதித்து மேசையில் வைக்கிறார். எதிர்ப்புக்குக் காரணம் ஆட்களின் குணம் என்பது முதல் விளக்கம். அமைப்பிலுள்ள தொழில்நுட்பக் குறை என்பது இரண்டாவது. குறிப்பிட்ட அமைப்பு குறிப்பிட்ட அலுவலகச் சூழலுக்குள் வரும்போது யாருடைய அதிகாரம் கூடுகிறது, யாருடையது குறைகிறது என்பது மூன்றாவது. பிறகு ஒவ்வொரு விளக்கமும் உண்மையென்றால் களத்தில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்கிறார். குணம்தான் காரணம் என்றால் ஆளை மாற்றினால் எதிர்ப்பு போக வேண்டும். குறைதான் காரணம் என்றால் குறையைச் சரிசெய்ததும் எதிர்ப்பு அடங்க வேண்டும்.

களம் என்ன சொன்னது? தலைமையகத்தில் இருந்தபோது இந்த அமைப்பின் பக்கம் நின்ற ஒருவர் பின்னர் ஒரு பிரிவுக்கு மாற்றலாகிப் போகிறார். போனபின் அவரும் எதிர்க்கிறார். அதே மனிதர், அதே குணம், அதே படிப்பு, மாறியது நாற்காலி. தொழில்நுட்பக் கோளாறுகள் சரிசெய்யப்படுகின்றன, எதிர்ப்பு தொடர்கிறது. ஆக மூன்றாவது விளக்கம் நிற்கிறது: யார் யாருடைய கணக்கை, கேட்காமலே, எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பது மாறிவிட்டது. பிரிவுக் கணக்காளர்கள் எதிர்த்தது மென்பொருளை இல்லை, அந்த மாற்றத்தை.

இதைப் படிக்கும்போது செய்ய வேண்டிய பயிற்சி இது. கட்டுரையை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஆசிரியர் வைக்கும் ஒவ்வொரு கூற்றின் அருகிலும், இது யாரோ சொன்னதா, ஆவணத்தில் இருந்ததா, அவரே கண்டதா, அவருடைய ஊகமா என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு, எந்த ஒரு தகவலை நீக்கினால் வாதம் சரியும் என்று தேடுங்கள். இங்கே அது அந்த மாற்றலான மனிதர். அவரைப் பற்றிக் கேட்டு வைக்காமல் போயிருந்தால் முதல் விளக்கத்தை வீழ்த்தியிருக்க முடியாது. உங்கள் களத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்: பக்கத்து அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், முன்பு மென்பொருள் குழுவில் இருந்துவிட்டு இப்போது கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்துப் பிரிக்க வேண்டியது ஓர்லிகோவ்ஸ்கி 1992-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம், பெயர் 'ஆல்ஃபா' என்று மாற்றப்பட்டிருக்கிறது, தன் ஆலோசகர்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளை வாங்கிப் போடுகிறது. பகிர்வு பெரிதாக நடக்கவில்லை. இது எதற்கு என்றே பலருக்குப் புரியவில்லை. தெரிந்த மின்னஞ்சலோடும் விரிதாளோடும் ஒப்பிட்டுக்கொண்டார்கள். கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் பெயரில் எழுத முடியாத நேரத்தைச் செலவழித்து இதைக் கற்க யாரும் தயாரில்லை. தனக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் பதவி உயர்வுப் போட்டியில் தனக்கு என்ன மிச்சம் என்ற கணக்கு வேறு. அதே நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவினர் அதே மென்பொருளை ஒருவருக்கொருவர் உதவப் பயன்படுத்தினார்கள். ஒரே கருவி, ஒரே நிறுவனம், இரண்டு வாழ்க்கை. மருத்துவமனைப் பக்கம் ஆர்வமுள்ளவர்கள் ஸ்டீபன் பார்லியின் 1986 ஆய்வைச் சேர்த்துப் படிக்கலாம். ஒரே மாதிரி சி.டி. ஸ்கேன் கருவி, மாசசூசெட்ஸின் இரண்டு மருத்துவமனைகளின் கதிரியக்கப் பிரிவுகளில் மருத்துவருக்கும் தொழில்நுட்பருக்கும் இடையிலான உறவை இரண்டு விதமாக மாற்றியதை அது காட்டுகிறது.

உள்ளே நுழைவது

அனுமதி வாங்குவது ஏதோ நிர்வாக வேலை, ஆய்வு அதற்குப் பிறகுதான் ஆரம்பம் என்று பலர் நினைக்கிறார்கள். யார் உங்களை உள்ளே விட்டார் என்பதைப் பொறுத்தே மற்றவர்கள் உங்களிடம் என்ன பேசுவார்கள் என்பது அமையும். இயக்குநரின் கடிதத்தோடு போனால் கதவு திறக்கும். ஆனால் கிளார்க் கண்ணுக்கு நீங்கள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர். அதனால் கடிதம் வாங்கிய கையோடு கீழ்மட்டத்தில் ஒரு நாள் சும்மா உட்காருங்கள். கேள்வி வேண்டாம். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, குறிப்பை யார் படிப்பார்கள், யார் படிக்க மாட்டார்கள் என்பதைத் தமிழில், எளிமையாக, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

நம் அலுவலகங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அதிகாரி தன் அறையிலேயே உங்களை உட்காரவைத்து, "அந்த செக்‌ஷன் ஆளை வரச்சொல்லு" என்று அழைத்து, தன் முன்னிலையில் பேச வைப்பார். நல்லெண்ணத்தில்தான். அந்தப் பேச்சையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அதிகாரியின் நேர்காணலாகவே கணக்கில் வையுங்கள். அந்த ஊழியரை அவருடைய மேசையிலோ வாசலில் உள்ள டீக்கடையிலோ மறுபடி பாருங்கள். மைக்கேல் மையர்ஸும் மைக்கேல் நியூமனும் 2007-ல் நேர்காணலை ஒரு நாடகமாகப் பார்க்கச் சொன்னார்கள். மேடை எது, பார்வையாளர் யார், யார் எந்த வேடத்தில் வருகிறார் என்பதைக் கவனிக்காமல் வசனத்தை மட்டும் பதிந்துவந்து பயனில்லை.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். "மாவட்டத் தலைநகரில் உள்ள அலுவலகத்தின் பெண் கண்காணிப்பாளர்" என்று எழுதினால், அந்த அலுவலகத்தில் அப்படி ஒருவர்தான் இருப்பார். பதவி, பாலினம், ஊர் மூன்றையும் சேர்த்து எழுதாதீர்கள். சில நல்ல மேற்கோள்களை இழக்க நேரும். இழக்கலாம்.

கேட்பது

"இந்த அமைப்பு பயனுள்ளதாக இருக்கிறதா?" என்ற கேள்வியை உங்கள் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். அதற்கு "நல்லாத்தான் சார் இருக்கு" என்ற ஒரே பதில்தான் உண்டு, அதிலிருந்து ஒரு வரிகூட எழுத முடியாது. கருத்தைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள். "கடைசியா ஒரு மனு வந்ததே, அதை எப்படிப் பதிஞ்சீங்கன்னு கொஞ்சம் காட்டுறீங்களாக்கா?" என்றால் அவர் கணினிப் பக்கம் திரும்புவார். கை ஓட ஓட வாய் பேசும். எந்தத் திரையில் தயங்குகிறார், எங்கே பக்கத்து மேசைக்குக் குரல் கொடுக்கிறார், எந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்க்கிறார் என்பதெல்லாம் அப்போது தெரியும்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி தமிழில் பல சமயம் விசாரணையாக ஒலிக்கும். "ஏன் கம்ப்யூட்டர்ல போடல?" என்று கேட்டால் பதில் சமாதானமாக வரும். "இது எப்போலேர்ந்து இப்படி நடக்குது?" என்று கேட்டால் பதில் கதையாக வரும். உங்களுக்கு வேண்டியது கதை.

ஒலிப்பதிவு செய்வதா வேண்டாமா? ஜெஃப் வால்ஷம் 1995-ல் எழுதிய கட்டுரையில் இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கிறார்: பதிவு இருந்தால் சொன்னது சொன்னபடி கிடைக்கும், ஆனால் பேசுபவர் தன்னைக் காத்துக்கொண்டு பேசுவார், எழுத்தாக்க நேரமும் அதிகம் பிடிக்கும். என் பரிந்துரை: முதல் சந்திப்பில் போனை எடுக்காதீர்கள். இரண்டாவதில் கேட்டுவிட்டுப் பதியுங்கள். பதிவை நிறுத்தியபின் வாசல்வரை வந்து பேசுவாரே, அந்தப் பேச்சைப் பயன்படுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நாலைந்து மணி நேரமாவது ஆகும். தானாக எழுத்தாக்கும் மென்பொருள்கள் பேச்சுத்தமிழில் தடுக்கி விழும். அவை கொடுப்பதை முதல் வரைவாக மட்டும் எடுத்துக்கொண்டு, காதால் கேட்டுத் திருத்துங்கள். பேசிய தமிழிலேயே எழுத்தாக்குங்கள், தமிழிலேயே குறியிடுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால், அதில் இடம்பெறும் மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். எழுத்தாக்கும்போதே மொழிபெயர்ப்பவர்கள், பேசியவரின் சொல்லைத் தொலைத்துவிட்டுத் தங்கள் சொல்லைத் தாங்களே பகுத்துக்கொண்டிருப்பார்கள்.

பார்ப்பது

சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியை எந்த நேர்காணலும் முழுக்க மூடாது. இதற்கு லூசி சக்மன் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் செய்து, 1987-ல் நூலாக வந்த ஆய்வைப் பாருங்கள். உதவிக்குறிப்புகளைத் திரையில் காட்டும் நகலெடுப்பு இயந்திரம் ஒன்றை, அதை முன்பின் பார்த்திராத இருவர் இருவராகப் பயன்படுத்த வைத்து வீடியோ எடுத்தார். இருவராக வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது: தனியாள் மனதுக்குள் நினைப்பதை இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பிறகு நடந்ததை நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதினார். பயனர் செய்ததில் இயந்திரத்துக்குத் தெரியாதவை, இயந்திரத்துக்குத் தெரிந்தவை, இயந்திரம் பயனருக்குக் காட்டியவை, வடிவமைப்பாளர் மனதில் இருந்த காரணம். இரண்டு பேர் குழம்பி, விவாதித்து, தவறான முடிவுக்கு வந்திருப்பார்கள். இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒரு பொத்தான் அழுத்தப்பட்டது மட்டும்தான்.

இதை நம் ஊரில் எங்கே பழகலாம்? ரேஷன் கடை நல்ல இடம். ஸ்மார்ட் கார்டு, கைரேகை, பில் போடும் பி.ஓ.எஸ். கருவி, எஸ்.எம்.எஸ். என்று ஒரு முழுத் தகவல் அமைப்பு ஒரு மேசை மேல் இருக்கிறது. கீழே இருப்பது பயிற்சிக்காக நான் எழுதிய மாதிரிக் களக்குறிப்பு. உண்மைத் தரவு இல்லை.

"காலை 10.40. வரிசையில் பதினாறு பேர். எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி கார்டை நீட்டுகிறார். விற்பனையாளர் ஸ்கேன் செய்கிறார். வலது ஆள்காட்டி விரல் வைக்கிறார், விழவில்லை. 'துடைச்சிட்டு வைங்க பாட்டி.' முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். விழவில்லை. விற்பனையாளர் பாட்டியின் நடுவிரலைத் தானே பிடித்து அழுத்துகிறார். விழவில்லை. பின்னாலிருந்து ஒருவர்: 'அண்ணே, அவங்கள ஓரமா உக்கார வையுங்க, நேரமாவுது.' விற்பனையாளர் கார்டை மேசையின் இடது ஓரத்தில் வைக்கிறார். அங்கே ஏற்கெனவே மூன்று கார்டுகள் இருக்கின்றன. நீல அட்டை போட்ட சிறு நோட்டில் ஏதோ எழுதுகிறார். பாட்டி அரிசி மூட்டைப் பக்கம் போய் உட்காருகிறார். அடுத்த கார்டு."

இதில் "விற்பனையாளர் எரிச்சலடைந்தார்" என்று எங்கும் இல்லை. எரிச்சல் உங்கள் தீர்ப்பு; விரலைப் பிடித்து அழுத்தியது நடந்தது. தீர்ப்புகளை எழுதவே கூடாது என்றில்லை, நோட்டின் வலது பாதியில் தனியாக எழுதுங்கள். அன்றிரவே குறிப்பை விரித்து எழுதிவிடுங்கள்; மறுநாள் காலை நினைவில் இருப்பது உங்கள் கருத்து மட்டும்தான்.

இப்போது சக்மனின் பத்திகளைப் போட்டுப் பாருங்கள். கருவிக்குத் தெரிந்தது: ஒரு கார்டு, மூன்று முறை ரேகை பொருந்தவில்லை. கருவிக்குத் தெரியாதது: முந்தானை, விற்பனையாளரின் கை, வரிசையின் முணுமுணுப்பு, இடது ஓரம், நீல நோட்டு, மூட்டைப் பக்கம் காத்திருக்கும் பாட்டி. தலைமையகத்தில் அறிக்கை பார்ப்பவருக்குக் கிடைப்பது முதல் பத்தி மட்டும். உங்கள் ஆய்வு இரண்டாவது பத்தியில் இருக்கிறது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அங்கிருந்தே கிடைக்கிறது: "அந்த ஓரத்துல வைக்கிற கார்டெல்லாம் அப்புறம் என்னண்ணே ஆகும்?" பதிலை நான் எழுதப்போவதில்லை, அதற்குத்தான் நீங்கள் போக வேண்டும்.

ஒரு முறை போய்விட்டு வந்தால் போதாது. மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் 2001 முதல் கிராம இணையக் கியோஸ்க்குகள் வைத்து, சான்றிதழ், ஓய்வூதிய விண்ணப்பங்களை அங்கிருந்தே அனுப்பும் ஏற்பாடு நடந்தது. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் 2006-ல் அதைப் பற்றி எழுதினார்கள். தொடக்கத்தில் நல்ல பயன்பாடு. ஆதரவு கொடுத்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனபின் அரசுச் சேவைகள் தேய்ந்தன. முதல் வருடம் மட்டும் போனவர் வெற்றிக் கதை எழுதியிருப்பார். பிறகு மட்டும் போனவர் கிராமத்து மக்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதியிருப்பார்.

குறியிடுதல்

களக்குறிப்பையும் நேர்காணல்களையும் குவித்து வைத்தபின் பலருக்குக் கை ஓடாது. என்.விவோ, அட்லஸ்.டி.ஐ. போன்ற குறியிடும் மென்பொருளை வாங்கினால் வழி பிறக்கும் என்று நினைப்பார்கள். அவை நல்ல அலமாரிகள். இலவசமாக வேண்டுமென்றால் டாகெட் இருக்கிறது. ஆனால் முதல் நாலைந்து ஆவணங்களைத் தாளில் அச்செடுத்துப் பேனாவால் குறியிடச் சொல்வேன்.

மேலே உள்ள குறிப்பை எடுங்கள். ஒவ்வொரு நடப்புக்கும் ஓரத்தில் ஒரு சிறு தொடர் எழுத வேண்டும். "தொழில்நுட்பச் சிக்கல்" என்று எழுதினால் அது குறியில்லை, பாடநூல் அத்தியாயத் தலைப்பு. "ரேகையை விழவைக்க உழைத்தல்", "வரிசை நெருக்குதல்", "ஓரம் ஒதுக்கிக் காக்கவைத்தல்", "பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருத்தல்" என்று செயலைப் பிடியுங்கள். அடுத்த கடையின் குறிப்பில் இவற்றில் எது மறுபடி வருகிறது, எது வேறு உருவில் வருகிறது என்று ஒப்பிடுங்கள். பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967-ல் முன்வைத்த களம்சார் கோட்பாட்டு முறையின் உயிர் இந்த இடைவிடாத ஒப்பீடுதான். (பின்னாளில் இருவரும் முறையைப் பற்றிக் கருத்து மாறுபட்டுப் பிரிந்தார்கள். அந்தச் சண்டைக்குள் உங்கள் ஆய்வேட்டின் முப்பது பக்கங்களைச் செலவிட வேண்டாம். யார் வழியில் போகிறீர்கள் என்று ஒரு பத்தியில் சொன்னால் போதும்.)

ஒப்பீடு உங்களை அடுத்த இடத்துக்கு அனுப்பும். நோட்டு வைத்திருப்பது முக்கியமாகத் தெரிகிறதா? நோட்டே வைக்காத கடை ஒன்றைத் தேடுங்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கடை, கிடைக்காத கடை. ஓரத்தில் கார்டு வைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவர். யாரைப் பார்ப்பது என்பதை முன்கூட்டிப் பட்டியலிடாமல், கிடைத்ததைக் கொண்டு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். புதிய கடைக்குப் போயும் புதிதாக எதுவும் குறியிட வரவில்லை என்றாகும்போது நிறுத்தலாம்.

கோட்பாடு எப்போது உள்ளே வருவது? முன்னாலேயே ஒரு கண்ணாடியாக மாட்டிக்கொண்டும் போகலாம், நடுவிலும் எடுத்துக்கொள்ளலாம். வால்ஷமும் சுந்தீப் சாஹேயும் 1990-களில் இந்தியாவின் மாவட்ட நிர்வாகத்துக்குள் புவியியல் தகவல் அமைப்பு நுழைந்ததை ஆராய்ந்து 1999-ல் எழுதியபோது, மனிதரையும் கருவியையும் ஒரே வலையின் கண்ணிகளாகப் பார்க்கும் கோட்பாட்டைக் கையாண்டார்கள். எதை எடுத்தாலும் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்: அந்தக் கோட்பாட்டுக்கு ஒத்துவராத ஒரு குறிப்பாவது உங்கள் நோட்டில் இருக்கிறதா? ஒன்றுகூட இல்லையென்றால் நீங்கள் களத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஹைன்ஸ் கிளைனும் மையர்ஸும் 1999-ல், மனிதர்கள் கொடுக்கும் பொருளைத் தேடும் பொருள்கோள் ஆய்வுகளுக்கு ஏழு நெறிகளை வகுத்தார்கள். அவற்றில் பலகுரல்களைக் கேட்பதும் சொல்லப்பட்டதைச் சந்தேகத்தோடு வாசிப்பதும் இந்த இடத்தில் கைகொடுக்கும். ஏழையும் ஆய்வேட்டில் அட்டவணை போட்டு ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் அடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அதை அவர்களே விரும்பியதில்லை. எந்த நெறி எங்கே பொருந்தும் என்பதை ஆய்வாளரின் முடிவுக்கே விட்டார்கள்.

"எத்தனை பேர்?"

வைவாவில் இது வரும். "பன்னிரண்டு பேரை மட்டும் பார்த்துவிட்டு எப்படிப் பொதுவாகச் சொல்கிறீர்கள்?" மன்னிப்புக் கேட்கும் குரலில், இது சிறிய ஆய்வுதான், எதிர்காலத்தில் பெரிய மாதிரியோடு செய்யலாம் என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் முறையை நீங்களே கைவிடுவது.

சொல்லக்கூடிய பதில்கள் இரண்டு உண்டு. முதலாவது ஆலன் லீ 1989-ல் கொடுத்தது. மார்கஸின் அதே நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு நிறுவனத்தை ஆராய்ந்தாலும் போட்டி விளக்கங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுக் கட்டுப்பாட்டோடு சோதிக்க முடியும் என்று காட்டினார். நாற்காலி மாறிய அந்த மனிதரே இயற்கையாக அமைந்த ஒரு சோதனை. குணம்தான் காரணம் என்ற விளக்கத்தை அடித்துப்போட ஆயிரம் பேர் தேவைப்படவில்லை.

இரண்டாவது பதில் கருத்தாக்கத்தின் வழியே. ஷோஷானா சூபாஃப் 1988-ல் வெளியிட்ட நூலில், காகிதக்கூழ் ஆலைகளில் கூழைத் தொட்டும் முகர்ந்தும் பதம் சொன்ன தொழிலாளர்கள் கட்டுப்பாட்டு அறைக்குள் திரை முன் உட்கார நேர்ந்ததை எழுதினார். கணினி வேலையைத் தானியங்கியாக்குவதோடு நிற்காமல், அந்த வேலையைப் பற்றிய தகவலையும் புதிதாக உண்டாக்குகிறது என்ற கருத்தை அங்கிருந்து எடுத்தார். ஆலை எண்ணிக்கையைக் கேட்டு யாரும் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. வங்கியையும் மருத்துவமனையையும் அதைக்கொண்டு பார்க்க முடிந்ததால் ஏற்றார்கள். உங்கள் பன்னிரண்டு பேரும் தமிழ்நாட்டின் எல்லா விற்பனையாளர்களுக்கும் பிரதிநிதிகளாக இருக்க வேண்டியதில்லை. "ஓரம் ஒதுக்கிக் காக்கவைத்தல்" என்று நீங்கள் பெயர் வைத்தது வங்கிக் கவுன்டரிலும் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையிலும் எதையாவது காணவைக்கிறதா என்பதைக் காட்டினால் போதும்.

இதோடு தேர்வாளர் முன் வைக்க ஓர் அட்டவணை தயாரியுங்கள்: எந்தத் தேதியில், எந்தப் பொறுப்பில் உள்ளவரோடு, எங்கே, எவ்வளவு நேரம், பதிவு உண்டா இல்லையா, எத்தனை பக்கக் களக்குறிப்பு. பெயர்கள் வேண்டாம். எந்த நேர்காணலுக்குப் பின் எந்தக் குறி பிறந்தது, எது கைவிடப்பட்டது என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். களக்குறிப்பின் ஒரு பக்கத்தை, அடையாளங்களை நீக்கி, பின்னிணைப்பாகக் கொடுங்கள். அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் முடிவுக்கு வசதியான பக்கத்தைவிட்டு, உங்களைக் குழப்பிய பக்கத்தை எடுங்கள். வைவாவில் அதைப் பற்றித்தான் கேள்வி வரும். அதைப் பற்றிப் பேச உங்களிடம்தான் நிறைய இருக்கும்.